கென்யாவில் பந்தய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவது யார்? 1966 முதல் 2025 வரை சூதாட்டச் சட்டங்கள் கடந்து வந்த பாதை - ஒரு விளக்கம்

புது டெல்லி: கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில், ஏறத்தாழ 60 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த சூதாட்டச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்று 2025 ஆகஸ்ட் மாதத்தில் அதிபர் வில்லியம் ரூட்டோவின் ஒப்புதலைப் பெற்றது. சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2025 எனப்படும் இச்சட்டம், பழைய உரிம வாரியத்தின் இடத்தில் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை அமைக்க வகை செய்கிறது.

அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் இந்தியாவில் பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளுக்கு முழுத் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரே சிக்கலுக்கு ஒரே மாதத்தில் இரு நாடுகள் இருவேறு விடைகளைத் தேர்ந்தெடுத்துள்ளன. இந்தியா தடை விதித்தது. கென்யா உரிமம், வரி, விளம்பரக் கட்டுப்பாடு ஆகியவற்றின் வழியே ஒழுங்குபடுத்த முடிவு செய்தது.

கைப்பேசிப் பணப் பரிமாற்றம் அன்றாட வாழ்க்கையின் பகுதியாகிவிட்ட ஒரு நாட்டில் சூதாட்டத்தை அரசு எவ்வாறு கட்டுப்படுத்த முயன்றது, எங்கே வென்றது, எங்கே பின்வாங்கியது என்பதை இந்த விளக்கம் தொகுத்து அளிக்கிறது.

பழைய சட்டம் எதற்காக இயற்றப்பட்டது?

கென்யா 1963-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அதன் பின்னர் 1966-ஆம் ஆண்டு பந்தயம், லாட்டரி மற்றும் சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டது. கென்யச் சட்டத் தொகுப்பில் 131-ஆவது அத்தியாயமாக இடம்பெற்ற இச்சட்டத்தின் கீழ், பந்தயக் கட்டுப்பாடு மற்றும் உரிம வாரியம் அமைக்கப்பட்டது.

அன்றைய சூதாட்டம் என்பது இடத்தைச் சார்ந்தது. நைரோபியின் ங்கோங் குதிரைப் பந்தயத் திடல், கேசினோக்கள், லாட்டரிச் சீட்டு விற்பனை, நிறுவனங்கள் நடத்தும் பரிசுப் போட்டிகள் ஆகியவையே சட்டம் இயற்றியவர்களின் கண்முன் இருந்தன. உரிமம் பெற்ற கட்டடம் எது, அதன் கதவு எப்போது திறக்கலாம், உள்ளே யார் நுழையலாம் என்பவற்றை வரையறுத்தால் போதும் என்ற நிலை இருந்தது.

வாரியம் வழங்கிய உரிமங்கள் ஓராண்டுக்கு உரியவை. கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகிறது. எனவே நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-ஆம் தேதிக்குள் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வரி நிலுவை இல்லை என்பதற்கான சான்றும் கோரப்பட்டது. பல ஆண்டுகள் சடங்காக நடந்து வந்த இந்தப் புதுப்பித்தலே, பின்னாளில் அரசின் கையில் இருந்த மிகக் கூர்மையான ஆயுதமாக மாறியது.

கைப்பேசிப் பணம் கொண்டு வந்த மாற்றம்

சஃபாரிகாம் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றச் சேவையைத் தொடங்கியது. வங்கிக் கணக்கு இல்லாதவரும் சாதாரணக் கைப்பேசியின் குறுஞ்செய்தி மூலம் பணம் அனுப்பவும் பெறவும் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே காய்கறிக் கடை முதல் பள்ளிக் கட்டணம் வரை அனைத்தும் இதன் வழியே நடைபெறத் தொடங்கின.

இந்தக் கட்டமைப்பின் மீது 2014-ஆம் ஆண்டு ஸ்போர்ட்பெசா என்ற விளையாட்டுப் பந்தய நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களின் முடிவுகள் மீது கைப்பேசியிலிருந்தே பந்தயம் வைக்கவும், வென்ற பணத்தை அதே கைப்பேசியில் பெறவும் வழி பிறந்தது. தொடர்ந்து பெட்டின் உள்ளிட்ட பல நிறுவனங்கள் களமிறங்கின. சூதாடும் இடம் என்பது கேசினோவிலிருந்து சட்டைப்பைக்கு இடம் மாறியது.

நிறுவனங்களின் பணபலமும் வேகமாகப் பெருகியது. ஸ்போர்ட்பெசா, கென்யாவின் முதன்மைக் கால்பந்து லீக்குக்கும் கோர் மாஹியா, ஏஎஃப்சி லெப்பர்ட்ஸ் ஆகிய புகழ்பெற்ற அணிகளுக்கும் புரவலராக இருந்தது. 2016-இல் இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணியின் சட்டையிலும், 2017-இல் எவர்ட்டன் அணியின் சட்டையிலும் நைரோபியில் தோன்றிய இந்த நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது.

மறுபுறம், கவலை தரும் தகவல்களும் வெளிவந்தன. ஜியோபோல் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 17 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களிடம் கைப்பேசி வழியாக நடத்திய ஆய்வில், கென்ய இளைஞர்களில் 76 சதவீதம் பேர் ஒரு முறையேனும் சூதாடியதாகத் தெரிவித்தனர். ஆய்வு நடந்த நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதம்.

கிராமப்புறச் சந்தைகளிலும் சிறு கடைகளிலும் நாணயம் போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரங்கள் உரிமமின்றிப் பரவியது மற்றொரு சிக்கலாக இருந்தது. பள்ளி மாணவர்களும் இவற்றில் பணத்தை இழப்பதாகப் புகார்கள் எழுந்ததையடுத்து, காவல்துறையினர் அந்த இயந்திரங்களைப் பறிமுதல் செய்து அழித்தனர்.

2019: உரிமம் மறுப்பும் பணப் பாதை அடைப்பும்

கென்யச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வரலாற்றில் 2019-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அப்போதைய உள்துறை அமைச்சர் ஃப்ரெட் மட்டியாங்கி, பந்தயத் துறையின் ஆண்டு வருவாய் 200 பில்லியன் ஷில்லிங்கைத் தாண்டிவிட்டதாகத் தெரிவித்தார். கடன் வாங்கிச் சூதாடித் திருப்பிச் செலுத்த முடியாமல், கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்த இளைஞர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்றும் அவர் கூறினார்.

அந்த ஆண்டு மே மாதம், பந்தய நிறுவனங்களில் பொறுப்பு வகித்த 17 வெளிநாட்டு இயக்குநர்களை நாட்டைவிட்டு வெளியேற்ற அரசு உத்தரவிட்டது. ஜூலை 1-ஆம் தேதி புதிய உரிம ஆண்டு தொடங்கியபோது, ஸ்போர்ட்பெசா, பெட்டின் உள்ளிட்ட 27 நிறுவனங்களின் உரிமங்கள் புதுப்பிக்கப்படவில்லை. வரி செலுத்தியதற்கான உரிய சான்று இல்லை என்பது அரசின் வாதம். வரியைச் செலுத்திவிட்டதாக நிறுவனங்கள் மறுத்தன. வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

முரண்பாடு என்னவென்றால், அதே ஜூலை மாதம் 7-ஆம் தேதி, நைரோபியின் கசரானி விளையாட்டரங்கில் எவர்ட்டன் அணியும் உள்ளூர் அணியான கரியோபாங்கி ஷார்க்ஸும் ஸ்போர்ட்பெசா கோப்பைக்காக மோதின. உரிமம் புதுப்பிக்கப்படாத நிறுவனத்தின் பெயரால் தலைநகரிலேயே விழா நடைபெற்றது. உரிமம் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் எதையும் நிறுத்திவிடவில்லை.

நிறுத்தியது அடுத்து வந்த நடவடிக்கை. அந்நிறுவனங்கள் பணம் பெறுவதற்குப் பயன்படுத்திய எண்களை முடக்குமாறு சஃபாரிகாம் உள்ளிட்ட தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு வாரியம் கடிதம் அனுப்பியது. எம்-பெசாவில் 'பே பில்' எண் எனப்படும் இவை அடைபட்டதும் பந்தயப் பணம் உள்ளே வரும் வழி நின்றுபோனது. கடையைப் பூட்ட வேண்டிய தேவையே எழவில்லை. கைப்பேசிப் பணத்தை நம்பி வளர்ந்த ஒரு தொழிலை, அதே கைப்பேசிப் பணத்தின் வாயிலாகவே கட்டுப்படுத்த முடியும் என்பதை அந்த நடவடிக்கை காட்டியது.

வரி விகிதங்கள்: ஏற்றமும் இறக்கமும்

உரிமத்துக்கு இணையாக அரசு பயன்படுத்திய மற்றொரு கருவி வரி. ஆனால், அதன் விகிதங்கள் நிலையாக இருந்ததில்லை. முக்கிய மாற்றங்கள் வருமாறு:

• 2017: பந்தயத்துக்கு 7.5 சதவீதம், லாட்டரிக்கு 5 சதவீதம் எனப் பிரிவுக்கு ஒன்றாக இருந்த வரிகளை ஒரே சீராக 50 சதவீதமாக்க அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டா மசோதாவைத் திருப்பி அனுப்பியதைத் தொடர்ந்து 35 சதவீதம் என முடிவானது.

• 2018 ஜனவரி: 35 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. உடனடியாக ஸ்போர்ட்பெசா தனது உள்நாட்டு விளையாட்டுப் புரவலர் ஒப்பந்தங்களை ரத்து செய்தது. அதே ஆண்டில் வரி 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெற்றித்தொகையில் 20 சதவீதம் வரிப் பிடித்தம் செய்யப்பட்டது.

• 2019 நவம்பர்: வைக்கப்படும் ஒவ்வொரு பந்தயப் பணத்தின் மீதும் 20 சதவீதக் கலால் வரி விதிக்கப்பட்டது. இந்த வரியைக் காரணம் காட்டி, ஸ்போர்ட்பெசா முன்னதாகவே செப்டம்பர் இறுதியில் கென்யச் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. எவர்ட்டனுடனான அதன் ஒப்பந்தமும் 2020-இல் முன்கூட்டியே முடிவுக்கு வந்தது.

• 2020: அந்தக் கலால் வரி முழுமையாக நீக்கப்பட்டது.

• 2021: 7.5 சதவீதமாக மீண்டும் கொண்டுவரப்பட்டது.

• 2023: 12.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

• 2024: 20 சதவீதமாக்கும் முன்மொழிவு அந்த ஆண்டின் நிதி மசோதாவில் இடம்பெற்றது. வரி உயர்வுகளுக்கு எதிராக இளைஞர்கள் நடத்திய நாடு தழுவிய போராட்டத்தை அடுத்து மசோதா முழுவதுமே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் டிசம்பரில் தனிச் சட்டத் திருத்தம் மூலம் வரி 15 சதவீதமானது.

• 2025 ஜூலை: பந்தயப் பணத்தின் மீதான கலால் வரிக்குப் பதிலாக, வாடிக்கையாளரின் பந்தய வாலட்டில் செலுத்தப்படும் தொகையின் மீது 5 சதவீதக் கலால் வரி அறிமுகமானது. வாலட்டிலிருந்து எடுக்கும் பணத்தின் மீது 5 சதவீதம் பிடித்தம் செய்யும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

100 ஷில்லிங்கின் கணக்கு

இந்த மாற்றங்கள் விளையாடுபவரின் கையில் எப்படி எதிரொலிக்கின்றன என்பதை ஒரு எடுத்துக்காட்டு மூலம் அறியலாம். வென்றால் இரு மடங்கு தரும் பந்தயத்தில் ஒருவர் 100 ஷில்லிங் வைப்பதாகக் கொள்வோம்.

2019 இறுதியில் இருந்த முறைப்படி, முதலில் 20 ஷில்லிங் கலால் வரியாகக் கழியும். மீதி 80 ஷில்லிங்கே பந்தயமாகும். வென்றால் 160 ஷில்லிங் கிடைக்கும். அதில் இலாபமான 80 ஷில்லிங்கில் 20 சதவீதம், அதாவது 16 ஷில்லிங் பிடிக்கப்பட்டால், கைக்கு வருவது 144 ஷில்லிங். வெற்றித்தொகை என்பதில் பந்தயமாக வைத்த பணமும் அடங்குமா என்பதே அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே நீண்ட சட்டப் போராட்டமாக இருந்தது.

2025 ஜூலைக்குப் பிந்தைய முறைப்படி, 100 ஷில்லிங் செலுத்தும்போது 5 ஷில்லிங் கழியும். 95 ஷில்லிங்கைப் பந்தயம் வைத்து வென்றால் 190 ஷில்லிங். அதை வெளியே எடுக்கும்போது 9.50 ஷில்லிங் பிடிக்கப்படும். கைக்கு வருவது 180.50 ஷில்லிங்.

இரண்டுக்கும் இடையே அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய முறையில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வரி உண்டு. ஒருவர் ஒரே பணத்தை வைத்துப் பத்து முறை விளையாடினால் பத்து முறை வரி செலுத்த வேண்டும். புதிய முறையில் வாலட்டுக்குள் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை மட்டுமே வரி. இடையில் அந்தப் பணம் எத்தனை முறை சுழன்றாலும் கூடுதல் வரி இல்லை.

சில நொடிகளில் முடிந்துவிடும் 'ஏவியேட்டர்' போன்ற விளையாட்டுகள் கென்யாவில் பெரும் வரவேற்பைப் பெற்றுள்ள நிலையில், இந்த வேறுபாடு கவனத்துக்குரியது. வரி வசூல் எளிதாகிறது. அதே வேளையில், வென்ற பணத்தை வெளியே எடுக்காமல் மீண்டும் விளையாடுவதே வரிக் கணக்கில் சிக்கனமானதாகிவிடுகிறது.

வசூல் முறையும் மாறியுள்ளது. கென்ய வருவாய் ஆணையம் தனது கணினி அமைப்புடன் பந்தய நிறுவனங்களின் அமைப்புகளை இணைத்து, வரியை நாள்தோறும் பெறும் நடைமுறையைக் கொண்டுவந்தது. 2019-இல் மோதலுக்கு வித்திட்ட நிலுவைத் தகராறுகளைத் தவிர்க்க இது உதவும் என எதிர்பார்க்கப்பட்டது.

விளம்பரங்களுக்குக் கடிவாளம்

பந்தய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் முயற்சி 2019-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. வெளிப்புற விளம்பரப் பலகைகள், சமூக ஊடக விளம்பரங்கள், பிரபலங்களின் பரிந்துரைகள் ஆகியவற்றுக்குத் தடை விதிக்கும் விதிகளை வாரியம் அப்போது அறிவித்தது. ஆயினும் விளம்பரங்கள் மீண்டும் பெருகின.

2025 ஏப்ரல் 29-ஆம் தேதி, வானொலி, தொலைக்காட்சி, சமூக ஊடகம் உள்ளிட்ட அனைத்துத் தளங்களிலும் சூதாட்ட விளம்பரங்களை 30 நாள்களுக்கு நிறுத்தி வைக்குமாறு வாரியம் உத்தரவிட்டது. பந்தயத்தை ஒரு முதலீடு போலவும், செல்வத்துக்கான குறுக்கு வழி போலவும் காட்டுவதைத் தடுப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அதன் பின்னர் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், சமூக ஊடகப் பிரபலங்கள் ஆகியோர் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவதற்குத் தடை விதித்தன. விளம்பரங்கள் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் முன்அனுமதியைப் பெற வேண்டும் என்றும் வலியுறுத்தப்பட்டது.

புதிய சட்டத்தில் என்ன இருக்கிறது?

2023-ஆம் ஆண்டு மசோதாவாக அறிமுகமாகி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்ததால் சமரசக் குழுவின் பரிசீலனைக்கும் உள்ளான பிறகே புதிய சட்டம் வடிவம் பெற்றது. அதன் முக்கிய அம்சங்கள்:

• சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் என்ற தனி அமைப்பு. உரிமம் வழங்குதல், கண்காணித்தல், ரத்து செய்தல் ஆகிய அதிகாரங்கள் இதனிடம் இருக்கும்.

• இணைய வழிச் சூதாட்டத்துக்கு வெளிப்படையான சட்ட வரையறை. 1966 சட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

• உரிமம் கோரும் நிறுவனங்களில் கென்யர்களின் பங்கு குறைந்தது 30 சதவீதமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை.

• வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்கும் அரசுக்குச் சேர வேண்டிய வரிக்கும் பாதுகாப்பாக நிறுவனங்கள் பிணைத்தொகை அளிக்க வேண்டும்.

• இணையப் பந்தயத்தின் குறைந்தபட்சத் தொகை 20 ஷில்லிங். 2025-இல் இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ 13 ரூபாயாக இருந்தது.

• 18 வயது நிரம்பாதோருக்குத் தடை. கடனுக்குச் சூதாட அனுமதிப்பதற்கும் தடை.

இவற்றில் குறைந்தபட்சத் தொகை குறித்த விதி சிறியதாகத் தோன்றினாலும் ஆழமான பொருள் கொண்டது. ஒரு ஷில்லிங், ஐந்து ஷில்லிங் என மிகச் சிறு தொகைகளிலும் பந்தயம் வைக்க முடிந்ததே, நாள்கூலித் தொழிலாளர்களையும் மாணவர்களையும் ஈர்த்த காரணங்களுள் ஒன்று. தொகையை உயர்த்துவது வருமானம் குறைந்தோரை விலக்கி வைக்கும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. விலகாதவர்கள் ஒவ்வொரு முறையும் முன்பைவிட அதிகமாக இழக்க நேரிடும் என்பது அதன் மறுபக்கம்.

தேசிய அரசா, கவுண்டி அரசா?

கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் நாட்டை 47 கவுண்டிகளாகப் பிரித்து, அதிகாரங்களைப் பகிர்ந்தளித்தது. அதன் நான்காவது அட்டவணை, தேசிய அளவிலான பந்தயம், கேசினோ மற்றும் பிற சூதாட்டங்களைத் தேசிய அரசிடம் ஒப்படைக்கிறது. அதே அட்டவணையின் இரண்டாம் பகுதி, பொது கேளிக்கைகள் என்ற தலைப்பின் கீழ் பந்தயத்தையும் கேசினோவையும் கவுண்டி அரசுகளிடமும் அளிக்கிறது.

ஒரு கேசினோ எந்தத் தெருவில் இயங்கலாம் என்பதைக் கவுண்டி தீர்மானிப்பது இயல்பு. ஆனால், ஒரு கைப்பேசிச் செயலி எந்தக் கவுண்டிக்கு உரியது என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை. நைரோபியில் பதிவு பெற்ற நிறுவனத்திடம் கிசுமுவில் இருப்பவர் பந்தயம் வைக்கும்போது, உரிமக் கட்டணத்தில் யாருக்குப் பங்கு என்பது பிணக்காகவே தொடர்ந்தது. இணையச் சூதாட்டத்தைத் தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவந்திருப்பதன் பின்னணி இதுவே.

இந்திய வாசகர்களுக்கு இது புதிய கேள்வி அன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளன. இணைய விளையாட்டுகள் தொடர்பாகத் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் தனிச் சட்டங்கள் இயற்றிய பின்னர், மத்திய அரசு 2025-இல் நாடு முழுமைக்குமான சட்டத்தைக் கொண்டுவந்தது.

இரு சட்டங்களும் சந்திக்கும் இடம்

தடை, உரிமம் என்று வழிகள் வேறுபட்டாலும், இரு சட்டங்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுமதிக்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் கூறுகிறது. அவற்றை விளம்பரப்படுத்துவதும் குற்றம். பே பில் எண்களை முடக்கி 2019-இல் கென்யா கையாண்டதும், விளம்பரங்களை நிறுத்தி 2025-இல் அது கையாண்டதும் இதே உத்திகளே.

கென்யாவின் அனுபவம் இரண்டு பாடங்களை முன்வைக்கிறது. முதலாவது, பணம் செல்லும் பாதை அரசின் பார்வையில் இருக்கும் வரை கட்டுப்பாடு நடைமுறைக்கு வரும். வெளிநாட்டில் இயங்கும் உரிமமற்ற இணையதளங்களுக்கு அந்தப் பாதை வேறு வழிகளில் திரும்பினால், உரிமத்தாலும் தடையாலும் பெரிய பயன் விளையாது.

இரண்டாவது, ஒரு பழக்கத்தைக் குறைக்க விதிக்கப்படும் வரியே அரசின் வருவாயாகவும் மாறும்போது, அதைக் குறைப்பதில் அரசுக்கு உள்ள ஆர்வம் சோதனைக்கு உள்ளாகிறது. எட்டு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மாறிய வரி விகிதங்கள், கட்டுப்பாடு, வருவாய் ஆகிய இரண்டு இலக்குகளுக்கும் இடையே கென்ய அரசு ஊசலாடியதைக் காட்டுகின்றன.

புதிய ஆணையம் முழு அளவில் செயல்படுவதற்கான விதிமுறைகளும், பழைய வாரியத்திடமிருந்து பொறுப்புகள் மாற்றப்படும் விதமும் சட்டத்தின் பயனைத் தீர்மானிக்கும். 20 ஷில்லிங் வரம்பும் விளம்பரக் கட்டுப்பாடும் இளைஞர்களின் கடன் சுமையைக் குறைக்கின்றனவா என்பதே அச்சட்டத்தை மதிப்பிடுவதற்கான முதன்மை அளவுகோலாக அமையும்.